க்ரூஸர் வண்டிக்கு எந்தப் பை? நீலகிரி மலைப்பாதை சொல்லும் பதில்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலையில், குன்னூரையும் வெலிங்டனையும் கடந்தால் அருவங்காடு. வெள்ளைக்காரர் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலையாலும், மலை ரயில் நின்று போகும் நிலையத்தாலும் பெயர் பெற்ற ஊர். கோடை சீசனிலும் தொடர் விடுமுறை நாட்களிலும் இந்த ஊர் வழியாக க்ரூஸர் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக ஏறிப் போகின்றன. தாழ்ந்த இருக்கை, முன்னால் நீட்டி வைத்த கால்கள், பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் சேடில் பேக் என்று அவற்றின் தோற்றமே தனி. இந்தப் பையை வாங்கப் போகிறவர்கள் கடையில் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள்: எத்தனை லிட்டர் கொள்ளும், விலை என்ன, வண்டிக்கு எடுப்பாக இருக்குமா. இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்தச் சாலையில் ஓட்டப் போகிறோம்? சாலை நீலகிரிச் சாலை என்றால் என் பதில் இது: சிறிய பை, தாழ்வாகவும் பின்சக்கர அச்சை ஒட்டியும் அமரும் பை, அசையாமல் இறுக்கிய பை, தண்ணீர் புகாத பூச்சுத் துணியால் ஆன பை. மற்றவையெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

க்ரூஸரின் உடல்வாகு அமெரிக்காவின் நீண்ட, நேரான நெடுஞ்சாலைகளில் உருவானது. குதிரைச் சேணத்தின் இருபக்கமும் தொங்கிய தோல்பைதான் வண்டிக்கும் வந்து சேர்ந்தது. அந்த வடிவம் இன்று நம் ஊரிலேயே தயாராகிறது. ராணுவத்துக்கு புல்லட் தேவைப்பட்ட காலத்தில், 1955-இல், சென்னையில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு உற்பத்தி, 2020-இல் மீட்டியோர் 350 வரைக்கும், 2023-இல் சூப்பர் மீட்டியோர் 650 வரைக்கும் வந்திருக்கிறது. மீட்டியோர் 350-இன் எடை 191 கிலோ, இருக்கையின் உயரம் 765 மில்லிமீட்டர். சூப்பர் மீட்டியோர் 650-இன் எடை 241 கிலோ, இருக்கையின் உயரம் 740 மில்லிமீட்டர். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 135 மில்லிமீட்டர்தான் இடைவெளி. நீளமும் கனமுமான இத்தகைய வண்டி சமவெளியில் கப்பல்போல மிதந்து போகும். கல்லாறு தாண்டி குன்னூர் வரை அடுக்கடுக்காக வரும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அதே வண்டியைத் திருப்ப ஓட்டுபவரின் தோளும் காலும் வேலை செய்தாக வேண்டும். பையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அந்த வேலையைக் கூட்டுகிறது. எவ்வளவு கூட்டுகிறது என்பது அந்தக் கிலோ எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

"மலையில் மெதுவாகத்தானே போகிறோம், எடை எங்கே இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. மெதுவாகப் போவதால்தான் இது முக்கியமாகிறது. வேகமாக ஓடும் வண்டி பெரும்பாலும் தானே நிமிர்ந்து நிற்கும். நடை வேகத்தில் அந்த உதவி கிடைக்காது. சமநிலை முழுக்க ஓட்டுபவர் கையில். கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து திரும்பினால் அது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அப்போது பாதி வளைவில், சாய்ந்த நிலையில், சரிவில் காலை ஊன்றி நிற்க வேண்டியிருக்கும். சாய்ந்த வண்டியைத் தாங்கும் காலின் மேல் விழும் பாரம், எடையைப் போலவே எடை இருக்கும் உயரத்தையும் பொறுத்தது. இருக்கைக்கு மேலே கட்டிய 15 கிலோ மூட்டை, சக்கர அச்சின் உயரத்தில் இருக்கும் 15 கிலோவைவிடப் பல மடங்கு வலுவாக வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். பக்கவாட்டில் தாழத் தொங்கும் பை, பின்னால் உயரத்தில் வைக்கும் டாப் பாக்ஸைவிட மலைக்கு ஏற்றதாக இருப்பதன் அடிப்படைக் காரணம் இதுதான். எடுக்கவும் வைக்கவும் டாப் பாக்ஸ் வசதி என்பதை மறுக்கவில்லை. ஹெல்மெட்டும் ரெயின்கோட்டும் வைக்கிற அளவுக்கு அதைப் பயன்படுத்தினால் தவறும் இல்லை. பயணச் சுமை முழுவதையும் அதில் ஏற்றுவதுதான் தவறு.

உயரத்தைப் போலவே முன்பின் நிலையும் முக்கியம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மீட்டியோரின் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1.4 மீட்டர். பின் அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் பின்னால் 15 கிலோ வைத்தால், நெம்புகோல் விதிப்படி பின்சக்கரத்தின் மேல் 15 கிலோவுக்குப் பதில் 18 கிலோவுக்கு மேல் இறங்கும். முன்சக்கரத்திலிருந்து 3 கிலோவுக்கு மேல் குறையும். ஏற்றத்தில் வண்டியின் எடையே பின்னோக்கிச் சாயும் என்பதால் முன்சக்கரம் இன்னும் லேசாகும். வண்டியைத் திருப்புவது முன்சக்கரம். அதன் பிடிமானம் குறைந்தால் வளைவில் வண்டி நினைத்த கோட்டை விட்டு வெளியே போகப் பார்க்கும். "பின்னால் உட்காருபவர் 60 கிலோ இருக்கிறாரே, 15 கிலோ பை பெரிதா?" என்பதும் நியாயமான கேள்விதான். பின்னால் உட்காருபவர் பெரும்பாலும் இரு அச்சுகளுக்கும் இடையில் உட்காருகிறார். ஓட்டுபவரோடு சேர்ந்து சாய்கிறார். காலையும் பாதத்தாங்கியில் ஊன்றிக்கொள்கிறார். பைக்கு இந்த அறிவு கிடையாது. பட்டை தளர்ந்து ஊசலாடும் பை ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணம் தாமதமாக ஆடி, வண்டியை எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் கனம் கூடினாலும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும் என்பதால், இரண்டு பைகளிலும் எடை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

இறங்கும்போது கணக்கு இன்னும் கடுமையாகிறது. ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 1,900 மீட்டர். சீசன் காலத்தில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்கள். எந்த வழியில் இறங்கினாலும் இந்த உயரம் மாறாது. 20 கிலோ சுமை இவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அந்த ஆற்றலை எஞ்சினும் பிரேக்கும்தான் உள்வாங்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குகிறவர்களுக்கு எஞ்சின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தபடி பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்களுக்கு அது முழுக்க பிரேக்கில் சூடாக இறங்கும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்த எடையோடு ஒப்பிட்டால் 20 கிலோ சிறிய பங்குதான் என்பது உண்மை. ஆனால் ஓட்டுபவரின் எடையையோ வண்டியின் எடையையோ நாம் குறைக்க முடியாது. நம் கையில் இருப்பது பையின் எடை மட்டும்தான்.

அடுத்தது அகலம். மீட்டியோரின் அகலம் கைப்பிடியோடு சேர்த்து 845 மில்லிமீட்டர். ஓட்டுபவர் ஒரு சந்தில் நுழைய முடியுமா என்று கண்ணால் அளப்பது இந்தக் கைப்பிடியை வைத்துத்தான். பைக்குப் பதில் பின்னால் பக்கவாட்டில் மாட்டும் பெட்டி அதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், முன்பகுதி நுழைந்த இடத்தில் பின்பகுதி சிக்கும். மலைச்சாலையில் சிக்குவது என்றால் பேருந்தின் பக்கத்திலோ ஓரத்துத் தடுப்புச் சுவரிலோ உரசுவது என்று பொருள். அலுமினியத்திலும் கெட்டிப் பிளாஸ்டிக்கிலும் வரும் பெட்டிகள் பல இந்த அகலத்தைத் தாண்டுகின்றன. இன்னொரு ஆபத்தும் உண்டு. க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருக்கும். அவசரத்தில் தரையில் ஊன்றும்போது, வண்டி முன்னே நகர்ந்துகொண்டே இருந்தால் கால் பின்னுக்குப் போகும். அங்கே கெட்டியான பெட்டியின் விளிம்பு காத்திருக்கும். துணிப்பை நசுங்கி இடம் கொடுக்கும், பெட்டி கொடுக்காது. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதே, திருட்டுப் பயம் இல்லையே என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நாள் முழுக்கப் பூங்கா சுற்றுகிறவர்களுக்குப் பூட்டு ஒரு நிம்மதி. ஆனால் பணமும் ஆவணங்களும் கேமராவும் எப்படியும் உடம்போடு இருக்க வேண்டியவை. மாற்றுத்துணியும் கம்பளிச் சட்டையும் இருக்கும் பையை இரண்டு கொக்கிகளில் கழற்றி அறைக்குள் எடுத்துப் போய்விடலாம். பூட்டுக்காக ஒவ்வொரு வளைவிலும் அகலத்தைச் சுமப்பது லாபமில்லாத பேரம்.

க்ரூஸர் என்றாலே தோல்பைதான் என்று நினைப்பவர்கள் பலர். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோல் பதனிடும் தமிழ்நாட்டில், சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கும் மாநிலத்தில், தோலின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உழைப்பிலும் அழகிலும் தோலுக்கு ஈடு குறைவு. ஆனால் இந்த மலையின் மழையைப் பாருங்கள். அருவங்காட்டுக்கு அடுத்திருக்கும் கேத்தியில், 2009 நவம்பர் 10 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாட்களின் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது அபூர்வமான பேரிடர்தான். என்றாலும் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையுமாக வருடத்தின் பெரும்பகுதி இந்த மலையில் எங்கோ ஈரம் இருந்துகொண்டே இருக்கிறது. மழை இல்லாத நாளிலும் மஞ்சுமூட்டம் பையை நனைக்கும். நனைந்த தோல் வெயிலின்றி மெதுவாகக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அவசரப்பட்டு அடுப்பருகே காயவைத்தால் சுருங்கி விறைத்துப் போகும். தையல் துளைகள் வழியே தண்ணீர் உள்ளே போவதும் நிற்காது. வாயைச் சுருட்டி மூடும் பூச்சுத்துணிப் பையில் இந்தத் தொல்லைகள் மிகக் குறைவு. மழையுறை தனியாக வரும் பைகளில் ஒரு குறை உண்டு: காற்றில் உறை உப்பிக் கழன்றுவிடும். உறையை நம்புவதைவிட, உள்ளே தண்ணீர் புகாத இன்னொரு பையைப் போட்டு அதில் துணியை வைப்பது நல்லது. தோல்பை ஏற்கெனவே இருக்கிறவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காய்ந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நல்ல பையும் மாட்டும் விதத்தில் கெட்டுப்போகும். இருக்கைக்குக் குறுக்கே போட்டுத் தொங்கவிடும் பை, தாங்கும் கம்பி இல்லாவிட்டால் சக்கரத்தை நோக்கி உள்ளே சாயும்; ஆரக்கம்பியில் சிக்கினால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். இடப்பக்கத்து சாரி கார்டு அந்த வேலையைச் செய்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பின்சக்கரத்தின் இடப்பக்கம் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்வது புடவையும் துப்பட்டாவும் சிக்காமல் காப்பதற்காக. சுமை தாங்க அல்ல. பையை மாட்ட வசதியாக இருக்கும் என்று அந்தக் கார்டைக் கழற்றுவது இன்னும் மோசம். இருபுறமும் தனித் தாங்குகம்பி பொருத்துவதே முறை. மீட்டியோர் 350-இல் சைலன்சர் வலப்பக்கம். சூப்பர் மீட்டியோரில் இருபுறமும். பையின் அடிப்பாகம் சூடான சைலன்சரைத் தொட்டால் துணியும் உருகும், தோலும் கருகும். வண்டியில் இருவர் உட்கார்ந்து, பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் அப்சார்பர் அமுங்குவதையும் சேர்த்து அந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும். பின்னால் ஒருபக்கமாக உட்காரும் பெண்களுக்கு இடப்பக்கப் பை காலை வைக்கவே இடம் தராது. அப்படிப் பயணம் செய்யும் குடும்பங்கள் மாட்டிக் கழற்றக்கூடிய பையையே வாங்க வேண்டும். பெட்டி பொருத்துவோருக்கு 2020-இல் மத்திய அரசு அளவே வகுத்துவிட்டது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. பின்னிருக்கையின் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டுமே போகலாம்.

சிறிய பை போதுமா என்ற கவலை மிச்சமிருக்கும். இரண்டு மூன்று நாள் மலைப் பயணத்துக்கு ஒருவருக்கு வேண்டியது ஒரு கம்பளிச் சட்டை, இரண்டு மாற்றுடை, ரெயின்கோட், மருந்து, பஞ்சர் ஒட்டும் சாமான், தண்ணீர். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலுக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். இவை எல்லாம் இருபக்கமும் சேர்த்து 30 முதல் 40 லிட்டருக்குள் அடங்கும். இருவர் போனால் இன்னொரு ஜோடி உடைக்கும் அதே பைகளில் இடம் காண முடியும். பெரிய பை வாங்கினால் காலியாக விட மனம் வராது. நிரப்பிவிடுவோம் என்பதே அதன் உண்மையான ஆபத்து. இன்னொன்று: வண்டியை நிறுத்தும்போது தின்பண்டத்தைப் பையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பர்லியார் பக்கத்துச் சாலையோரக் குரங்குகளுக்கு கொக்கியும் ஜிப்பும் பெரிய தடை இல்லை. அருவங்காடு, குன்னூர்ச் சுற்றுப்புறங்களில் இரவில் கரடி நடமாட்டமும் உண்டு.

விலை குறைந்த ரெக்சின் பையே போதும் என்பவர்களுக்கு ஒரு சொல்: பையில் மிச்சம் பிடியுங்கள், தாங்குகம்பியில் பிடிக்காதீர்கள். சாதாரணப் பையும் நல்ல கம்பியும் சேர்ந்தால் பாதுகாப்பு. உயர்ந்த பையும் கம்பியில்லாத வண்டியும் ஆபத்து. வாங்கும் நாளில் வண்டியைக் கடைக்கே கொண்டு போங்கள். பையில் நீங்கள் கொண்டுபோகும் எடையை வைத்து மாட்டச் சொல்லுங்கள். பின்னால் ஒருவரை உட்கார வைத்து, சைலன்சருக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கைப்பிடியைவிடப் பை வெளியே நீட்டுகிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் அதிகபட்ச எடையைத் தாண்டவில்லை என்று கூட்டிப் பார்த்து, சுமைக்கேற்ப டயர் காற்றையும் சரிசெய்யுங்கள். இந்தச் சோதனைகளில் தேறும் பை எந்தக் கம்பெனியுடையதானாலும், எந்த நிறமானாலும், அதுதான் இந்த மலைக்கு ஏற்ற பை.