வலிக்கு ஒரு கை – 17: லே நகரத்துத் தலைவலி

சென்ற வாரம் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே கிடப்பவர்களுக்குப் பிடரியில் கிளம்பி நெற்றிவரை ஏறும் தலைவலியைப் பார்த்தோம். அதைப் படித்துவிட்டு, லடாக் போகவிருக்கும் வாசகர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "மலையில் வரும் தலைவலிக்கும் இதேபோலப் பிடித்துவிட்டால் சரியாகுமா?" வலி ஓரளவு குறையும், நோய் அப்படியே இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியாமல் மலையேறுவது உயிருக்கே ஆபத்து என்பதால் இந்த வாரம் முழுவதும் இதைப் பற்றித்தான்.

டெல்லி கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர். இங்கிருந்து அங்கே விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதமே. ஆனால் காற்றழுத்தம் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் உள்ளே போகிறது. காலையில் இறங்கியதும் ஒன்றும் தெரியாது. பளிச்சென்ற வானத்தைப் பார்த்த உற்சாகத்தில் ஊரிலுள்ள சாந்தி ஸ்தூபியின் படிகளில் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். சாயங்காலமோ இரவோ தலை இரண்டு பக்கமும் கனக்கத் தொடங்கும். ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் விண்விண்ணென்று தெறிக்கும், இருமினால் கூடும். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும்.

இந்த மலைநோய் புதியதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, காஷ்மீர், காந்தாரப் பக்கம் வரும் மலைப்பாதையில் 'பெரிய தலைவலி மலை', 'சிறிய தலைவலி மலை' என்று இரண்டு மலைகள் இருப்பதாகச் சீனாவின் ஹான் அரச வரலாறு எச்சரிக்கிறது. இதை முறையாக ஆராய்ந்ததில் நம் ராணுவ மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1962 சீனப் போரையொட்டிச் சமவெளியிலிருந்து அவசரமாக மலைக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். இந்தர் சிங் தலைமையிலான குழு 1,925 வீரர்களைக் கவனித்து எழுதிய கட்டுரை, 1969இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. மலைநோய் பற்றிப் படிக்கும் மருத்துவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

சரி, தலை ஏன் வலிக்கிறது? ஆக்சிஜன் குறைந்ததும் மூளை கூடுதல் ரத்தத்தைக் கேட்கிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் குழாய்களுக்கும் தெரியும். அந்த வலியை முக்கிளை நரம்பு மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகிறது. நிலைமை முற்றினால் மூளையில் நீர் கோக்கும். மண்டையோடு விரிந்துகொடுக்காது. இங்கே நடக்கும் எதையும் வெளியிலிருந்து எந்தக் கையாலும் மாற்ற முடியாது.

கைக்கு வேலை இருப்பது கழுத்தில். ஆக்சிஜன் போதாதபோது வேகவேகமாக மூச்சு வாங்குகிறோம். அப்போது கழுத்தின் முன்புறமும் பக்கவாட்டிலும் உள்ள தசைகள் விலா எலும்புகளைத் தூக்கிவிட ஓயாமல் உழைக்கின்றன. குளிரில் தோள்கள் காதுவரை ஏறிப்போய் நிற்கின்றன. முதுகில் பை. பைக்கில் போகிறவர்களுக்கு நாள் முழுக்க ஹெல்மெட் வேறு. இரவில் மூச்சு விட்டுவிட்டு வருவதால் தூக்கமும் கெடும். விடியும்போது பிடரி கட்டையாக இறுகியிருக்கும். மேல்கழுத்தின் மூன்று ஜோடி நரம்புகளும் முக்கிளை நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அதனால் கழுத்து வலி தலைவலியோடு கலந்து அதைப் பெரிதாக்குகிறது. கழுத்தைத் தளர்த்தினால் அந்தப் பங்கு குறைகிறது. சாதாரண இறுக்கத் தலைவலிக்குக் கழுத்தைப் பிடித்துவிடுவது உதவுவதைக் காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் மலைநோய்க்கு உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டு நெறிகளில் பிடித்துவிடுதல் ஒரு சிகிச்சையாக இடம்பெறவில்லை. நானும் அதைத் துணை என்றுதான் சொல்வேன்.

செய்யும் முறை இது. மலைத் தலைவலி பலருக்குத் தட்டையாகப் படுத்தால் கூடும். ஆகவே இரண்டு தலையணை வைத்துத் தோளும் தலையும் உயரும்படி மல்லாந்து படுக்க வையுங்கள். வெந்நீரில் கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். லேயில் சில்லிட்ட விரலை வைத்தால் கழுத்து இன்னும் இறுகும். தலைமாட்டில் உட்கார்ந்து, மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில், முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் நுனிகளை மேல்நோக்கி வையுங்கள். அழுத்த வேண்டாம். தலையின் கனமே விரல்மேல் இறங்கட்டும். முதலில் கயிறுபோல ஒன்று விரலை எதிர்த்து நிற்கும். அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் இருந்தால் அது மெல்ல இளகி, விரல் உள்ளே அமிழ்வது தெரியும். படுத்திருப்பவரிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வரும். பிறகு பிடரியிலிருந்து தோள்வரை மெதுவாக நீவிவிட்டு, நெற்றிப்பொட்டில் விரலால் சுற்றிக் கொடுங்கள். தைலம் அவரவர் விருப்பம், ஆனால் குமட்டல் இருப்பவருக்கு அந்த நெடியே வாந்தியைக் கிளப்பிவிடலாம்.

கழுத்தின் முன்பக்கத்தைத் தொடாதீர்கள். சலூனில் செய்வதுபோலக் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்கவே கூடாது. அதில் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. மெதுவாக நீவுவது மலைக்கும் புதிதில்லை. லடாக்கிலேயே தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்க்கும் ஆம்ச்சிகள் இருக்கிறார்கள். 'சோவா ரிக்பா' என்ற அவர்களுடைய மருத்துவத்தில் எண்ணெய் தேய்த்து நீவுவதும் சூடான ஒத்தடமும் அங்கம்.

இனி, நான் பயப்படும் இடம். லே விடுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தங்கும் அறைகளில் இந்தப் பேச்சு சாதாரணமாகக் காதில் விழும்:

"என்னங்க, தலைவலி எப்படி இருக்கு?"

"நீ பிடிச்சுவிட்டதுல பரவாயில்ல. வண்டிக்கு வேற பணம் கட்டியாச்சு. காலைல பாங்காங் கிளம்பிருவோம்."

பாங்காங் ஏரி 4,250 மீட்டர். வலி அடங்கியது கழுத்து தளர்ந்ததால். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளியும் கூடவில்லை. நோயோடு இன்னும் 750 மீட்டர் மேலே போய் அங்கே இரவு தங்குவது, மூளையில் நீர் கோப்பதற்கும் நுரையீரலில் நீர் கோப்பதற்கும் நாமே வழி திறந்துவிடுவது. தலைவலி மாத்திரை போட்டுக் கிளம்புவதும் இதே தப்புதான். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதே விதி. காலையில் எழும்போது, மாத்திரையும் பிடித்துவிடுதலும் இல்லாமலே தலை தெளிவாக இருந்து, பசியும் எடுத்தால் ஏறலாம். இல்லையென்றால் அன்றைக்கு லேயிலேயே ஓய்வு.

பிடித்துவிடுகிறவர் நோயாளிக்கு மிக அருகில் இருப்பவர். அவர் கவனிக்க வேண்டியது விரலுக்கு அடியில் உள்ள தசையை மட்டுமில்லை. பேச்சு குழறுகிறதா? கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் வருகிறதா? எழுப்பி, முன்னால் வைக்கும் காலின் குதிகாலைப் பின்காலின் விரல்களோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அது மூளை கொடுக்கும் எச்சரிக்கை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலோடு நுரை வந்தால், அது நுரையீரல். இரண்டில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆக்சிஜனும் ஆஸ்பத்திரியும் தேட வேண்டும். மலைமேல் இருந்தால் உடனே கீழே இறங்க வேண்டும்.

மலை யாத்திரை போகும் பெரியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத் ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கயிலாய வலத்தில் டோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டுகிறது. வலியைச் சொன்னால் தங்களை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று அம்மாக்கள் வாய் திறப்பதில்லை. ஆகவே நீங்களாகப் பிடரியில் கை வைத்து, "தலை வலிக்குதாம்மா?" என்று கேளுங்கள்.

அசெட்டசோலமைடு மாத்திரை இந்த நோயைத் தடுக்க உதவும். சிலருக்குச் சல்ஃபா ஒவ்வாமை இருப்பதுண்டு என்பதால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மது வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம். லே போக டிக்கெட் எடுக்கும்போது, போய் இறங்கும் நாளையும் அடுத்த நாளையும் எந்தச் சுற்றுலாவும் வைக்காமல் காலியாக விடுங்கள். அந்த இரண்டு நாளைத் தர முடியாதவர்கள் இந்த ஆண்டு பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்த வாரம்: கொட்டாவி விட்டால் சொடுக்கும் தாடை மூட்டு.

(தொடரும்)