"கேஸ் ஆயிடும், நமக்கெதுக்கு?"

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர் மயங்கிச் சரிந்தார். சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தோம். "தொடாதீங்க சார், கேஸ் ஆயிடும்"னு ஒருத்தர் சொன்னார். நானும் அரை நிமிஷம் தயங்கினேன். அப்புறம்தான் 108-க்கு போன் போட்டோம்; ஆள் பிழைத்துக்கொண்டார். அந்த அரை நிமிஷம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சட்டம் என்னதான் சொல்கிறது என்று தேடிப் படித்தேன்.

சாலை விபத்து என்றால் தயங்கவே வேண்டாம். சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் தொடுத்த வழக்கில், உதவுபவர்களைக் காக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளுக்கு 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு, எதையும் எதிர்பாராமல், தானாக முன்வந்து உதவுகிறீர்கள். அப்போது உங்கள் கவனக்குறைவால் அடிபட்டவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தாலும், உங்கள் மீது சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. பெயர், முகவரி சொல்லும்படி போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன 2020-ல் வந்த விதிகள். நீங்களே சாட்சி சொல்ல முன்வந்தால், உங்களுக்கு வசதியான இடத்துக்கு மஃப்டியில் வந்துதான் விசாரிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெரியவர் மேல் எந்த வண்டியும் மோதவில்லையே! 134ஏ மோட்டார் வாகன விபத்துக்குத்தான். மாரடைப்பு, கரண்ட் ஷாக், குளத்தில் மூழ்கியவர் எல்லாம் அதற்குள் வராது.

அங்கே கைகொடுப்பது 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-ம் பிரிவு. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 30-ம் பிரிவு. சம்மதம் கேட்க முடியாத நிலையில் இருப்பவருக்கு அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்தது, தீங்காய் முடிந்தாலும் குற்றமில்லை. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஒருவரைப் புலி தூக்கிப் போகிறது. காப்பாற்ற நினைத்து இன்னொருவர் சுடுகிறார். குண்டு அந்த மனிதர் மேலேயே பட்டுவிடுகிறது. சுட்டவர் குற்றவாளி இல்லை. அப்படியிருக்க, நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யும்போது விலா எலும்பு முறிந்தால் குற்றமாகுமா?

குறை என்னவென்றால், இந்தப் பிரிவு கிரிமினல் வழக்கிலிருந்து மட்டுமே காக்கும். சிவில் வழக்கு பற்றியோ, போலீஸ் விசாரணை பற்றியோ இதில் பேச்சே இல்லை. 134ஏ தரும் பாதுகாப்பை எல்லா அவசரத்துக்கும் விரித்தால் என்ன?

அதுவரைக்கும், பக்கத்தில் யாராவது "கேஸ் ஆயிடும்"னு சொன்னால், புலிக்கதையைச் சொல்லுங்கள். 108-க்கு போன் போட்டுக்கொண்டே சொல்லுங்கள்.