சாவுக்கும் கடைசி நாளுக்கும் நடுவில்

1749ஆம் ஆண்டின் கடைசியில் கடலூரில் ஒரு மாதா கோயில் கைமாறியது. கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொல்கிறார்கள் என்று ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சந்தேகம். அவர்களை வெளியேற்றிவிட்டு, ஸ்வீடன் நாட்டு லுத்தரன் மிஷனரி கீர்நாண்டரிடம் கோயிலைக் கொடுத்துவிட்டது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர்களுக்கு இது அரசியல். கோயிலுக்குள் மாறியதோ வேறொன்று. இறந்தவர்களின் ஆத்துமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் வழக்கம் லுத்தரன் சபையில் கிடையாது. பூசையால் இறந்தவருக்குப் பயன் சேர்க்க முடியும் என்பதையே அவர்கள் ஏற்பதில்லை.

மரணத்துக்குப் பின் என்ன என்ற கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பாதி உண்மை. பெரிய சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாதியை முதலில் சொல்லிவிடலாம்.

தில்லையைத் தரிசித்தால் முக்தி என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு முக்தி என்பது பிறவிச் சுழலிலிருந்து விடுதலை. கிறிஸ்தவத்தில் அந்தச் சுழலே இல்லை. ஒரு பிறப்பு, ஒரு சாவு, பிறகு தீர்ப்பு. மறுபிறப்பை மறுக்கவென்றே ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்று 17ஆம் நூற்றாண்டில் தமிழில் தனி நூல் எழுதினார் கத்தோலிக்க மிஷனரி ராபர்ட் தெ நொபிலி. இந்தப் பிறவியில் விட்டதை அடுத்ததில் பிடிக்கலாம் என்ற வழி அடைபடுவதால், தீர்ப்பின் எடை முழுவதும் ஒரே ஆயுளின் மேல் விழுகிறது.

இன்னொன்றைக் கிறிஸ்தவர்களே மறந்துவிடுகிறார்கள். ஆத்துமா பறந்து மோட்சம் போய்ச் சேர்வதோடு கதை முடிவதில்லை. ஞாயிறுதோறும் கோயிலில் சொல்லும் விசுவாசப் பிரமாணம் உடல் உயிர்த்தெழும் என்கிறது. கடைசி நாளில் கிறிஸ்து திரும்பி வருவார், இறந்தவர் எழுவார்கள், எல்லோருக்கும் தீர்ப்பு உண்டு. உடல் கழற்றிப்போடும் சட்டை அல்ல என்பதால்தான் அடக்கம் செய்யும் பழக்கம் இவ்வளவு வலுவாக நிற்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை உடலை எரிக்க அனுமதித்ததே 1963இல்தான். 2016இல் வத்திக்கான் இன்னும் தெளிவாகச் சொன்னது: எரிக்கலாம், ஆனால் சாம்பலைக் கடலில் கரைக்கவோ காற்றில் தூவவோ கூடாது.

சரி, இன்று இறந்தவர் அந்தக் கடைசி நாள் வரை எங்கே இருக்கிறார்? சபைகள் பெரும்பாலும் பிரிவது இந்த இடைவெளியில்தான்.

கத்தோலிக்கர் இரண்டு தீர்வைகளைச் சொல்வார்கள். இறந்த உடனே தனித்தீர்வை. உலக முடிவில் பொதுத்தீர்வை. தனித்தீர்வையில் மூன்று வழிகள் உண்டு: மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம். மூன்றாவதைப் பலர் குட்டி நரகம் என்றோ இரண்டாவது வாய்ப்பு என்றோ நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. அங்கே போகிறவர் ஏற்கெனவே மீட்படைந்தவர். கடவுள் முன் நிற்பதற்குமுன் சுத்தமாக வேண்டியது மட்டும் பாக்கி. அந்தச் சுத்திகரிப்பில் உயிரோடிருப்பவர்களின் செபமும் பூசையும் துணைநிற்கும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. முப்பதாம் நாள் பூசையும், நவம்பர் 2ஆம் தேதி கல்லறை மந்திரிப்பும் இதிலிருந்து வந்தவை.

வேத ஆதாரம் எங்கே என்று சீர்திருத்த சபையார் கேட்பார்கள். மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில், போரில் மடிந்தவர்களின் பாவத்துக்காக யூதா மக்கபே பலி கொடுக்க ஏற்பாடு செய்கிறார். சிக்கல் என்னவென்றால், சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் அந்த நூலே கிடையாது. 1517இல் லுத்தர் முதலில் எதிர்த்தது இந்த ஸ்தலத்தை அல்ல. அதன் பேரில் நடந்த பாவத் தண்டனை மன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை. அதைக் கண்டு கத்தோலிக்கத் திருச்சபையும் வெட்கப்பட வேண்டியிருந்தது. 1563இல் திரெந்து சங்கம் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்று உறுதிசெய்த அதே ஆணையில், அதை வைத்துப் பணம் பறிப்பதைக் கண்டித்தது.

இந்தச் சண்டை நம் பக்கத்திலும் தமிழிலேயே நடந்தது. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் தாண்டினால் தரங்கம்பாடி. 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்திறங்கிய ஊர். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர் கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர். தரங்கம்பாடிக்காரர்களை மறுத்து அவர் எழுதிய ‘பேதகம் மறுத்தல்’ காரசாரமான உரைநடை. அவருடைய தேம்பாவணிக் காவியத்தை மட்டும் படித்தவர்களுக்கு இது வேறு முனிவராகத் தெரியும்.

விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்பது லுத்தரன் நிலை. இறந்த விசுவாசி கிறிஸ்துவின் கையில் இருக்கிறார், நடுவில் வேறு ஸ்தலம் தேவையில்லை. ஆனால் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நடுவர் கேட்பது, பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்றுதான். நற்செயல் மீட்புக்கு விலை அல்ல, விசுவாசத்தின் கனி என்று லுத்தரன்கள் பதில் சொல்கிறார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நீதிமானாக்கப்படுதல் பற்றிய அடிப்படையில் தங்களுக்குள் ஒற்றுமை உண்டு என்று ஏற்றது. உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய வேறுபாடு அப்படியே நிற்கிறது.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளுக்கு இடைவெளி வெறும் உறக்கம்; இறந்தவருக்கு எந்த உணர்வும் இல்லை. பொல்லாதவர்கள் முடிவில் அழிந்துபோவார்கள், என்றென்றும் எரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் இரகசிய வருகை, உபத்திரவ காலம், ஆயிர வருட அரசாட்சி, வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு என்று வரிசை உண்டு. இந்த வரிசை 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி வழியாகப் பரவியது. வெளிப்படுத்தின விசேஷத்தை ரயில்வே கால அட்டவணையாகப் படிப்பது எனக்கு ஒப்பவில்லை; கத்தோலிக்கரும் லுத்தரன்களும் அப்படிப் படிப்பதில்லை.

கிறிஸ்தவர் அல்லாதவர் கதி என்ன? சிதம்பரத்து வாசகர் கேட்க நினைப்பது இதுவாகத்தான் இருக்கும். தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவர், மனச்சாட்சியின்படி கடவுளைத் தேடி வாழ்ந்தால் மீட்படைய முடியும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. சீர்திருத்த சபைகளில் இதற்கு ஒரே குரல் இல்லை. கடவுளிடம் விடுவோம் என்பவரும் உண்டு, வழியே இல்லை என்பவரும் உண்டு. நரகம் உண்டு என்று போதிக்கும் கத்தோலிக்கத் திருச்சபை, இன்னார் அங்கே இருக்கிறார் என்று இதுவரை ஒருவர் பெயரையும் அறிவித்ததில்லை.

அடுத்த முறை கிறிஸ்தவத் துக்க வீட்டுக்குப் போகும்போது எந்தச் சபை என்று மெதுவாக விசாரித்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்க வீடென்றால் மெழுகுவர்த்தி ஏற்றலாம், இறந்தவர் பேரில் ஒரு பூசைக்குச் சொல்லலாம், மனம் குளிர்வார்கள். லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே வீடென்றால் இருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லுங்கள். இறந்தவருக்காக எதுவும் செய்ய வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.