கொசஸ்தலை ஆற்றின் முதல் தொழிலாளர்கள் யார்? பதில் சொல்லும் பூண்டி அருங்காட்சியகம்!

திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏரியைப் பார்த்துவிட்டு, மதகின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதே ஊரில் இருக்கும் தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்குள் நுழைபவர்கள் குறைவு. 1985-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அமைத்த அருங்காட்சியகம் இது.

இங்கே முதலிடம் கற்கருவிகளுக்குத்தான். முதல் பார்வைக்குச் சாதாரணக் கல்லாகத் தெரியும். சற்று நேரம் உற்றுப் பார்த்தால், இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, நுனியைக் கூராக்கியிருப்பது புலப்படும். அதுதான் கைக்கோடரி. இறைச்சியை அறுக்க, கிழங்கு தோண்ட, மரத்தைச் செதுக்க என எல்லாவற்றுக்கும் உதவும் கருவி.

ஆறு கொடுத்த வேலை

1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். பிற்காலத்தில் அங்கு சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு நடத்தினர். அங்கு கிடைத்த மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011-ல் அறிவித்தார்கள். விலங்குகளின் பற்களும் குளம்புத் தடங்களும்கூட அங்கே கிடைத்தன.

ஏன் இந்த இடம்? தண்ணீர், அதைத் தேடி வரும் விலங்குகள், கருவி செய்ய ஏற்ற குவார்ட்சைட் கற்கள். மூன்றையும் கொடுத்தது கொசஸ்தலை ஆறும் அதைச் சுற்றியுள்ள குன்றுகளும்தான்.

அந்த ஆற்றின் குறுக்கேதான் 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. சென்னையின் குடிநீருக்காக இதற்கு முயற்சி எடுத்த மேயர் சத்தியமூர்த்தி, அதைப் பார்க்காமலேயே 1943-ல் காலமானார்.

கண்ணாடிப் பேழைக்கு வெளியே...

பூண்டியோடு ஆறு முடிந்துவிடுவதில்லை. தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. அந்தக் கழிமுகத்தில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கூடையைப் பல்லில் கடித்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலையோ படகோ கிடையாது. இறால் எங்கே பதுங்கும் என்பதை விரல்கள்தான் சொல்லும்.

அந்தச் சேற்றில் இன்று அனல்மின் நிலையச் சாம்பலும் படிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து சேர்ந்தது. வலைகளும் படகுகளும் கறுத்துப்போயின. மீனவர்கள் பிழைப்பை இழந்து கரையில் நின்றார்கள்.

லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆற்றை நம்பி வாழ்ந்தவர்களின் கருவிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். இன்றும் அதே ஆற்றை நம்பி வாழ்கிறவர்களின் இறால் கூடை, அருங்காட்சியகத்தில் மட்டுமே பார்க்கக்கூடிய பொருளாகிவிடக் கூடாது.

அடுத்த முறை பூண்டிக்குப் போனால், குழந்தைகளை அந்தக் கைக்கோடரியின் முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அந்த ஆறு எங்கே போய் முடிகிறது, அங்கே யாரெல்லாம் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்!