மெட்டு போனது, தாளம் போகவில்லை

இன்று நாம் புத்தகமாகப் படிக்கும் கிரேக்க சோக நாடகம், மெட்டும் ஆட்டமும் கழன்றுபோன பாட்டுப் புத்தகம்தான். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் டயோனிசஸ் விழாவுக்குத் திரண்ட கூட்டம் பார்த்தது வேறு. கோரஸ் எனப்படும் பாடற்குழுவில் முதலில் 12 பேர், சோபோக்ளிஸ் காலம் முதல் 15 பேர். முகமூடி அணிந்து ஆடிக்கொண்டே எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடினார்கள். நடிகர்கள் சில இடங்களில் பேசினார்கள், சில இடங்களில் குழலிசையோடு ஓதினார்கள், துயரம் முற்றிய இடங்களில் பாடினார்கள். எஸ்கிலஸ், சோபோக்ளிஸ், யூரிப்பிடீஸ் மூவருமே தங்கள் நாடகங்களுக்குத் தாங்களே இசையமைத்தவர்கள். அந்த இசையை மீட்க முடியுமா என்று கேட்டால் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. 'எல்லாம் போய்விட்டது, இனிச் செய்வதெல்லாம் கற்பனை' என்பார்கள் சிலர். 'கண்டுபிடித்துவிட்டோம், இதோ கேளுங்கள்' என்பார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் தேடுவது மெட்டை. கையில் உறுதியாகக் கிடைத்திருப்பதோ தாளம். நாடகத்துக்கு அதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

மெட்டு சுத்தமாக இல்லாமலில்லை. எகெர்ட் பெல்மன், மார்ட்டின் வெஸ்ட் இருவரும் 2001இல் வெளியிட்ட தொகுப்பில் இசைக்குறியோடு கூடிய கிரேக்க ஆவணங்கள் 61 உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை துண்டு துணுக்குகள். குறிகளைப் படிப்பதிலும் பெரிய மர்மம் இல்லை. அலிப்பியஸ் என்பவர் எழுதிவைத்த அட்டவணை எந்த எழுத்து எந்தச் சுரம் என்று சொல்லிவிடுகிறது. நாடகத்துக்கு உரியவற்றில் புகழ்பெற்றது வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் துண்டு. எகிப்தின் ஹெர்மோபோலிஸில் கிடைத்து, 1892இல் பதிப்பிக்கப்பட்டது. யூரிப்பிடீஸின் 'ஒரெஸ்டிஸ்' நாடகத்தில் கோரஸ் பாடும் ஏழு வரிகள் அதில் உள்ளன. ஓரங்கள் சிதைந்தவை. ஒவ்வோர் அசையின் தலைமேலும் பொடி எழுத்தில் சுரம். இடையிடையே, பாட்டு நிற்கும் இடத்தில் குழலுக்கான குறி. 'புலம்புகிறேன்' என்ற சொல்லில் மெட்டு இறங்குகிறது. நெஞ்சு வெறிகொண்டு துள்ளும் இடத்தில் மேலே தாவுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஆர்மண்ட் டி'ஆங்கூர் இதை வலியுறுத்திவருகிறார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. நாடகம் மேடையேறியது கி.மு. 408. பாப்பிரஸ் அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டு இளையது. இது யூரிப்பிடீஸ் போட்ட மெட்டு என்பதற்கு என்ன சாட்சி? முழுமையான சாட்சி இல்லை. ஆனால் சுற்றுச் சாட்சிகள் அலட்சியப்படுத்தக் கூடியவையும் அல்ல. பாப்பிரஸில் ஓர் ஒற்றை அசைச் சொல்லின் உயிரெழுத்து இரண்டு முறை எழுதப்பட்டு, மேலே இரண்டு சுரங்கள் இருக்கின்றன. ஓர் அசையை இழுத்துப் பல சுரங்களில் பாடும் இந்தப் பழக்கத்தைத்தான், யூரிப்பிடீஸ் இறந்த கையோடு, கி.மு. 405இல் அரிஸ்டோபனிஸ் தன் 'தவளைகள்' நாடகத்தில் வகையாகக் கிண்டல் செய்தார். கி.மு. முதல் நூற்றாண்டில் ஹாலிகார்னாசஸ் டயோனிசியஸ் 'ஒரெஸ்டிஸ்' நாடகத்தின் இன்னொரு பாட்டை எடுத்துக்கொண்டு, எந்தச் சொற்கள் ஒரே சுரத்தில் நிற்கின்றன என்று விவரிக்கிறார். மெட்டை அருகில் வைத்துக்கொண்டு எழுதியவர் போலத்தான் தெரிகிறது. எனவே அந்த ஏழு வரிகளைப் போலி என்று தள்ள வேண்டியதில்லை. ஏழு வரியை வைத்துக்கொண்டு கிரேக்க நாடக இசை இதுதான் என்று முழங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

தாளத்தின் கதை வேறு. பழைய கிரேக்கத்தில் அசையின் நீளம் மொழியிலேயே இருந்தது. நெடில் வந்தாலும் ஒற்றில் முடிந்தாலும் அசை நீளும்; நீண்டதற்குக் குறுகியதைப் போல இரண்டு மடங்கு காலம். மாத்திரைக் கணக்கு தெரிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரெஸ்டிஸ் துண்டில் உள்ள யாப்புக்கு டோக்மியம் என்று பெயர். அதன் அடிப்படை வடிவம் குறில், நெடில், நெடில், குறில், நெடில் என ஐந்து அசை, எட்டு மாத்திரை. மூன்றும் ஐந்துமாகத் தடுக்கித் தடுக்கி ஓடும். பதற்றத்துக்கும் பித்துக்கும் சோக நாடகம் வைத்திருந்த தனி நடை இது. இன்று முழுதாகக் கிடைக்கும் நாடகங்களில் எஸ்கிலஸ் பெயரில் ஏழு, சோபோக்ளிஸ் ஏழு, யூரிப்பிடீஸ் பெயரில் 19, அரிஸ்டோபனிஸின் நகைச்சுவை நாடகங்கள் 11. இந்த 44 நாடகங்களின் பாட்டுகளுக்கும் தாளம் சொல்லுக்குள்ளேயே புதைந்திருக்கிறது. போதாததற்கு, கோரஸ் பாட்டுகள் பெரும்பாலும் இரட்டைப் பத்திகளாக அமைந்தவை. முதல் பத்தியின் அளவிலேயே இரண்டாவதும் நடக்கும். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். இவ்வளவு சாட்சியோடு வரும் பழங்கால இசைக்கூறு அபூர்வம்.

யாப்பு வேறு, பாடும்போது வரும் தாளம் வேறு அல்லவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். துருக்கியின் அய்தின் நகரருகே 1883இல் கிடைத்த சீக்கிலாஸ் கல்வெட்டில், முழுதாகக் கிடைத்த அந்தச் சிறு பாட்டில், அளபெடை போல மூன்று மாத்திரைக்கு நீட்டும் குறியே இருக்கிறது. ஆகவே சில அசைகளைப் பாடகர் நீட்டியிருப்பார். ஆனால் அது தாளத்துக்குள் நடக்கும் சலுகை, தாளத்தைக் கலைப்பது அல்ல. சொல்லின் ஏற்ற இறக்கத்துக்கு இந்த உறுதி கிடையாது. வேத ஓதலின் உதாத்தம், அனுதாத்தத்துக்கு உறவான சுர அழுத்தம் கிரேக்கத்திலும் இருந்தது. டெல்ஃபியில் கல்லில் வெட்டிய அப்போலோ துதிகளின் மெட்டு அதைப் பெரிதும் பின்பற்றுகிறது. நாடகத்தில் இரட்டைப் பத்திகளுக்கு ஒரே மெட்டு என்றால், அழுத்தம் மாறிவரும் சொற்கள் இரண்டிலும் அதற்குப் பொருந்த வழியில்லை.

தாளத்துக்கு அடுத்தபடி நம்பத்தக்கது வாத்தியம். யாழ் போன்ற லைரா அல்ல, அவுலோஸ் என்ற இரட்டைக் குழல்தான் சோக நாடகத்தின் வாத்தியம். பலர் எழுதுவதுபோல அது புல்லாங்குழலும் அல்ல. நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதுவது, கணீரென்ற ஒலி. லூவ்ர் அருங்காட்சியகத்தில் நல்ல நிலையில் ஒரு ஜோடி இருக்கிறது. அதன் நகல்களைச் செய்து ஊதிப் பழகியிருக்கிறார்கள். சீவாளிதான் பிழைக்கவில்லை. ஆனால் அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் அதையும் எழுதிவைத்திருக்கிறார்: கோப்பாயிஸ் ஏரியின் நாணல், எளிய வாசிப்பு இருந்த காலத்தில் செப்டம்பர் வாக்கில் அறுத்தார்கள், அலங்கார வாசிப்பு வந்தபின் கோடை நடுவில், ஒரு ஜோடிக்கு இரண்டு சீவாளியையும் ஒரே கணுவிடையிலிருந்து எடுக்க வேண்டும், வேர்ப்பக்கத் துண்டு இடக்கைக்கு, நுனிப்பக்கம் வலக்கைக்கு. இவ்வளவு பக்குவத்தோடு சொல்லப்பட்ட தொழிலை வெறும் கற்பனை என்று எப்படித் தள்ளுவது?

முன்னே செய்த முயற்சிகள் அவரவர் காலத்து இசையையே கிரேக்கத்துக்கு உடுத்திவிட்டன. 1585இல் விச்சென்ஸாவில் 'ஈடிபஸ்' நாடகத்துக்கு ஆந்திரேயா காப்ரியேலி சர்ச் பாணியில் கோரஸ் அமைத்தார். 1841இல் போட்ஸ்டாமில் 'ஆன்டிகனி'க்கு மெண்டல்சன் தந்தது ஜெர்மன் ஆண்கள் பாடற்குழு. 1927 டெல்ஃபி விழாவில் பைசாந்திய இசை வல்லுநர் சாக்கோஸ் இசையமைத்தார். தேவாலய ஓதலில் பழைய இசை தொடர்கிறது என்ற நம்பிக்கை கிரேக்கர்களுக்கு இனிக்கும். ஆனால் அந்த ஓதல் வளர்வதற்குள் மொழியில் குறில் நெடில் வேறுபாடே மறைந்துவிட்டது. அங்கே போய்ச் சோக நாடகத்தின் தாளத்தைத் தேடிப் பயனில்லை.

குரலின் நிறம், கோரஸின் அடவு, முகமூடிக்குள்ளிருந்து வந்த ஒலி எல்லாம் ஊகம்தான். ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட்டுச் செய்தால் குற்றமில்லை. நாடகக் குழுக்கள் துண்டு மெட்டுகளைத் துரத்துவதை விட்டுவிட்டு, அவுலோஸ் கலைஞர் ஒருவரை மேடையின் நடுவில் நிறுத்தி, யாப்பைப் பிசகாமல் கோரஸை ஆடிப் பாடவைக்கட்டும். மெட்டு புதிது என்று சுவரொட்டியிலேயே அச்சிடட்டும். 2017இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் டி'ஆங்கூர் குழுவினர் ஒரெஸ்டிஸ் பாட்டை அவுலோஸோடு பாடிய பதிவு இணையத்தில் இருக்கிறது. கேட்பவர்கள் முதல் முறை மெட்டைக் கவனிக்க வேண்டாம். தொடையில் தாளம் போட்டு மூன்றையும் ஐந்தையும் எண்ணிப் பாருங்கள்.