உங்களுக்குத் தெரியுமா? நுரையீரல் புற்றுநோயில் ஓயாத சமிக்ஞை

நுரையீரல் செல்லின் சவ்வில் இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பிப் புரதம் உள்ளது. வளர்ச்சிக் காரணி வந்து இணைந்தால்தான், செல் பிரிந்து பெருகுவதற்கான சமிக்ஞையை அது உட்கருவுக்கு அனுப்பும். இப்புரதத்தின் 858-ஆவது இடத்தில் லியூசினுக்குப் பதிலாக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அமைந்துவிட்டால், காரணி வராமலேயே சமிக்ஞை ஓயாமல் பாயும். செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகும்.

ஜெஃபிடினிப் மாத்திரை, ஏற்பியின் உட்பகுதியில், ஆற்றல் மூலக்கூறான ஏடிபி அமரும் குழியை அடைத்து இச்சமிக்ஞையைத் தடுக்கிறது. இத்தகைய மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கே இம்மருந்து நன்கு பலன் தருகிறது என்பது 2004-இல் தெரியவந்தது. புகைபிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் இம்மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே கட்டியின் திசுவில் மரபணுப் பரிசோதனை செய்த பிறகே மருந்து முடிவாகிறது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை இத்தகைய மாற்றம் கொண்ட 350 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தியது. ஜெஃபிடினிப் மட்டும் பெற்றவர்களுக்கு நோய் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் 8 மாதங்கள். கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 16 மாதங்கள். பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம்.

நாளடைவில் 790-ஆவது இடத்தில் இன்னொரு மாற்றம் தோன்றி, ஜெஃபிடினிப் பலனற்றுப் போவதுண்டு. அவ்வாறு மாறிய ஏற்பியையும் தடுக்கும் ஒசிமெர்டினிப் மருந்துக்கு 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.