தொழில் இரகசியத்தைக் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

பனையோலைப் பெட்டி இழைப்பவர், மட்பாண்டம் வனைபவர், துணிக்குச் சாயமிடுபவர் என எந்தச் சிறு கைத்தொழிலைச் செய்பவரிடமும் ஒரு கேள்வி அடிக்கடி வந்து சேர்கின்றது. "இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனதுடன்தான் கேட்கின்றார். ஆயினும் பதில் சொல்ல வேண்டியவர் சங்கடப்படுகின்றார். சொன்னால் பிழைப்புப் போய்விடுமோ என்ற பயம் ஒருபுறம். சொல்லாவிட்டால் தன்னலக்காரர் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற கூச்சம் மறுபுறம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இச்சங்கடம் இன்னும் கூடுதலானது. வயலும் தோட்டமும் கிணறும் ஊரிலேயே நின்றுவிட்டன. கூடவே வந்தது கைவேலை மட்டுமே. காணிக்கு உறுதி உண்டு, வேலி உண்டு. கைவேலைக்கு உறுதியும் இல்லை, வேலியும் இல்லை. அத்தோடு, இருக்க இடம் தந்தவர், நிவாரணத்துக்குப் பெயர் பதிந்த உத்தியோகத்தர், செய்த பொருளை வாங்கி உதவுபவர் எனப் பலருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கின்றோம். அவர்கள் கேட்கும்போது "இல்லை" என்று சொல்ல நா எழுவதில்லை.

எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைக் கேள்வி வந்தபின் யோசிப்பதால்தான் இந்தத் தடுமாற்றம் ஏற்படுகின்றது. அதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பவர் கோபப்படவும் வேண்டியதில்லை. பொய் சொல்லவும் வேண்டியதில்லை.

சாயக்காரரிடம் கேட்கப்பட்ட கேள்வி

இது இன்று எழுந்த பிரச்சினை அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் சாயமிட்ட துணிகளுக்கு ஐரோப்பாவில் பெரும் கேள்வி இருந்தது. எத்தனை முறை தோய்த்தாலும் அவற்றின் சிவப்பு மங்காது. கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர் ஆகியவற்றை எந்த ஒழுங்கில், எந்தப் பக்குவத்தில் சேர்ப்பது என்பது அத்தொழிலாளரின் கையிருப்பு. சாயவேர் எமது மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணலிலும் கிண்டி எடுக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் அந்த வேரின் வியாபாரத்தை அவர்களே தம் கைக்குள் வைத்திருந்தனர்.

1742ஆம் ஆண்டில் அக்கரையில் பணியாற்றிய இயேசு சபைக் குருவானவராகிய கேர்து அடிகளார், இத்தொழிலின் படிமுறைகளை ஒன்றுவிடாமல் எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். புதிதாகக் கிறிஸ்தவர்களான தொழிலாளரைத் தனித்தனியே, வெவ்வேறு வேளைகளில் விசாரித்து, அவர்கள் சொன்னவற்றை ஒப்பிட்டே அவர் அக்கடிதத்தை எழுதினார். ஐரோப்பியத் தொழில்களுக்கு அது பயன்படும் என்பதே அவரது எண்ணம். கடிதம் பாரிஸில் அச்சாகி வெளிவந்தது.

அந்த ஒரு கடிதத்தால் சாயத்தொழில் அழிந்தது என்று சொல்வது சரியன்று. ஐரோப்பாவின் இயந்திர அச்சும், சாயவேரில் உள்ள அதே சிவப்பைச் செயற்கையாக ஆக்கும் வழியை 1868இல் ஜெர்மனிய இரசாயனவியலாளர் இருவர் கண்டுபிடித்ததும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆனால் எமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கேட்டவர் கள்வர் அல்லர், சொன்னவர்களுக்கு வேண்டியவர். எனினும், நல்லவரிடம் சொன்ன செய்தி நல்லவரோடு நின்றுவிடுவதில்லை. கேட்பவரின் மனம் எப்படிப்பட்டது என்பதைப் போலவே, சொல்வது எங்கே போய்ச் சேரும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

மூன்று குவியல்கள்

எமக்குத் தெரிந்த எல்லாமே இரகசியம் அல்ல. பனையோலை வேலையை எடுத்துக்கொண்டு, தெரிந்தவற்றை மூன்று குவியல்களாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, ஊரறிந்தவை. சார்வோலையை வெயிலில் காயவைப்பது, நனைத்து வார்வது, சாயத் தண்ணீரில் அவிப்பது, பின் உலர்த்துவது என்பன பலருக்கும் தெரிந்தவை. இவற்றை மறைப்பதில் பயன் இல்லை. யார் கேட்டாலும் தாராளமாகச் சொல்லலாம். இதைச் சொல்வதாலேயே கேட்பவரில் பெரும்பாலோர் திருப்தியடைந்து விடுவர்.

இரண்டாவது, கைப்பழக்கம். ஓலையின் பதத்தை விரலால் அறிவது, இழையை ஒரே இறுக்கத்தில் கொண்டுபோவது, மூடி பெட்டியில் சரியாகப் பொருந்தும்படி அளவு பிடிப்பது ஆகியவை சொன்னாலும் வராதவை. ஒருவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் போய்க் கடகம் இழைத்துவிட மாட்டார். ஆகவே இதைக் காட்டுவதற்கும் பயப்பட வேண்டியதில்லை. வேலையைக் கண்ணால் பார்ப்பவர், கேட்ட விலையைத் தயங்காமல் கொடுப்பதும் உண்டு.

மூன்றாவது, பிழைப்புத் தங்கியிருப்பவை. இந்தக் குவியல் சிறியது. எமது சாயக்கலவையின் அளவு, இன்னும் சந்தைக்குக் கொண்டுபோகாத புதிய வடிவம், நல்ல ஓலை மலிவாகக் கிடைக்கும் இடம், எம்மிடம் ஒழுங்காக வாங்குபவர்களின் பெயர்கள், எமது செலவுக் கணக்கு ஆகியன இதில் அடங்கும். செய்முறை மட்டுமே இரகசியம் என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் வாங்குபவரின் பெயரும் செலவுக் கணக்கும் வெளியே போவதால் வரும் நட்டம் சில வேளைகளில் அதைவிடப் பெரிது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு மூடுபெட்டியை 800 ரூபாவுக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓலைக்கு 150, சாயத்துக்கும் விறகுக்கும் 100, போக்குவரத்துக்கு 50 என 300 ரூபா செலவு. மிகுதி 500 ரூபாவும் வேலை செய்த கைக்கான கூலி. இதை அறிந்த வியாபாரி, "செலவு 300 தானே, 400க்குத் தாருங்கள்" என்பார். அவரது கணக்கில் எமது உழைப்புக்கு இடமில்லை. அவர் கேட்க வேண்டியது விலையை. எமது செலவை அல்ல.

கேட்பவர் யார்?

அயலில் இருக்கும் இன்னொரு இடம்பெயர்ந்த பெண் பிழைப்புக்காகக் கேட்கலாம். இவரைப் போட்டியாளராக மட்டும் பார்க்கக் கூடாது. 200 பெட்டிகளுக்கு ஒரு கட்டளை வந்தால் ஒரு குடும்பத்தால் அதை முடிக்க முடியாது. அப்போது அயலில் கைகள் வேண்டும். முதல் இரு குவியல்களையும் அவருக்குக் கற்றுக்கொடுத்து, சேர்ந்து வேலை செய்யும் முறையைப் பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

மாணவரோ பத்திரிகையாளரோ கமராவுடன் வரலாம். எதற்காக எடுக்கிறார், எங்கே வெளிவரும் என்று முதலில் கேட்போம். இன்று கைத்தொலைபேசியில் எடுத்த படம் சில நிமிடங்களில் கடல் கடந்து போகின்றது. முடிந்த பொருளைப் படம் எடுக்க விடலாம். சாயப் பானையையும் அளவு எழுதிய கொப்பியையும் அதற்கு முன் எடுத்து வைத்துவிட வேண்டும்.

நிறுவன உத்தியோகத்தர் வந்து, "உங்கள் வேலையை மற்றவர்களுக்கும் பழக்க வேண்டும்" என்று கேட்கலாம். இது நல்ல காரியம். ஆனால் பழக்குவதும் ஒரு வேலையே. அதற்குரிய கொடுப்பனவு, யார் யாருக்குப் பழக்குவது, எதுவரை பழக்குவது என்பவற்றைத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இவ்வாறு பேசுவது நன்றி மறந்த செயல் ஆகாது.

கம்பனி ஒன்றோ பெரிய வியாபாரியோ மாதிரியும் செய்முறையும் கேட்டால், மாதிரியை விலைக்குக் கொடுக்கலாம். செய்முறையைக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், அதை வேறு எவருக்கும் சொல்வதில்லை, தாமே செய்து விற்பதில்லை என்ற உடன்படிக்கை முதலில் எழுத்தில் கைக்கு வர வேண்டும். வாய் வார்த்தையை மட்டும் நம்பிக் கொடுக்கக் கூடாது.

எப்படிச் சொல்வது?

மறுப்பது ஒன்று, அவமதிப்பது வேறொன்று. சில சொற்களை முன்பே பழகி வைத்திருந்தால் அந்நேரத்தில் தடுமாற மாட்டோம்.

அயலவர் கேட்கிறார்: "அக்கா, இந்தச் சிவப்பு எப்பிடி இவ்வளவு வடிவா வருது?"
"ஓலையை நல்லாக் காயவிட்டு அவிக்க வேணும் தங்கச்சி. வாங்கோ, காட்டிறன். கலவை அளவு மட்டும் எங்கட குழுவுக்குள்ள வைச்சிருக்கிறம். அதைக் குறை நினையாதேங்கோ."

வியாபாரி கேட்கிறார்: "ஒரு பெட்டிக்கு உங்களுக்கு என்ன செலவு?"
"ஐயா, செலவுக் கணக்கு எங்கட வீட்டுக் கணக்கு. 50 பெட்டி எடுத்தா என்ன விலை எண்டு கேளுங்கோ, சொல்லுறன்."

உத்தியோகத்தர் கேட்டால்: "சேர், இது குழுவின்ர முடிவு. நான் தனியச் சொல்லேலாது. கூட்டத்தில கதைச்சுப்போட்டு அறிவிக்கிறம்."

இம்மூன்று பதில்களிலும் கேட்டவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கின்றது: ஒருவருக்குச் செய்முறை, ஒருவருக்கு விலை, ஒருவருக்கு அடுத்த படி. வெறுங்கையுடன் எவரும் அனுப்பப்படவில்லை.

சிலர் தொல்லை தாங்காமல் பிழையான அளவைச் சொல்லி அனுப்பிவிடுகின்றனர். இது கூடாது. அதை நம்பிய ஏழை ஒருத்தியின் ஓலையும் சாயமும் பாழாகும். எமது சொல்லை அதன்பின் எவரும் நம்பமாட்டார்கள். "சொல்ல மாட்டோம்" என்பது நேர்மையான பதில். பொய்யான பதில் அயலுக்குச் செய்யும் தீங்கு.

சட்டம் என்ன சொல்கின்றது?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, வெளியிடப்படாத தகவலுக்குப் பாதுகாப்புத் தருகின்றது. அதற்கு மூன்று விடயங்கள் தேவை. அத்தகவல் அத்துறையினருக்குப் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும். இரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வியாபாரப் பெறுமதி இருக்க வேண்டும். அதை இரகசியமாகக் காக்க உரியவர் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவதை நன்கு கவனிப்போம். கேட்டவருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பின்னர் "எனது இரகசியத்தை எடுத்துவிட்டார்கள்" என்று முறையிட்டால் பயன் குறைவு. அளவு எழுதிய கொப்பியைப் பூட்டி வைப்பது, கலவையை இருவர் மட்டும் தயாரிப்பது, சாயத் தூள்களுக்குப் பெயர் எழுதாமல் 1, 2, 3 என இலக்கமிடுவது, குழுவில் சேர்பவரிடம் கையொப்பம் பெறுவது ஆகியன செலவில்லாத நடவடிக்கைகள்.

புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றுக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் பெறலாம். அதன் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஆனால் அதற்காகச் செய்முறையை எழுதி வெளியிட வேண்டும். பாட்டன் பாட்டி காலத்து வேலைக்கு அது கிடைக்காது. எமது குழுக்களுக்குக் கூடுதலாகப் பொருந்துவது வியாபாரக் குறி. அதைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்யலாம். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பெட்டியைப் பார்த்து இழைக்க எவராலும் முடியும். எமது பதிவு செய்த குறியை அதில் ஒட்டி விற்க முடியாது.

பூட்டிய பெட்டிக்கும் இன்னொரு திறப்பு வேண்டும்

இரகசியத்தைக் காப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு வயோதிபத் தாய்க்கு மட்டும் தெரிந்த பக்குவம் அவரோடு மண்ணுக்குள் போய்விடும். இடம்பெயர்வு இதை இன்னும் விரைவாக்குகின்றது. கற்க வேண்டிய பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில். எழுதி வைத்த கொப்பி விட்டு வந்த வீட்டில். களவு போனதைவிட இவ்வாறு மறந்து போனது அதிகமாக இருக்கலாம்.

ஆகவே மூன்றாம் குவியலில் உள்ளவற்றை ஆகக் குறைந்தது இருவர் அறிந்திருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் இளையவராக இருப்பது நல்லது. அளவுகளை எழுதி, ஒரு பிரதியை வேறொரு நம்பிக்கையான வீட்டில் வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை குழுவாகக் கூடி, இன்னும் இரகசியமாக வைத்திருக்க வேண்டியது எது, இனித் தாராளமாகச் சொல்லக்கூடியது எது என்று பார்க்க வேண்டும். ஊரெங்கும் பரவிவிட்ட ஒன்றைக் காத்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. எமது தொழிலில் ஊரறிந்தவை எவை? கைப்பழக்கம் எது? பிழைப்புத் தங்கியிருப்பவை எவை?
2. கடந்த மாதங்களில் யார் யார், எதைக் கேட்டார்கள்? என்ன பதில் சொன்னோம்?
3. மூன்றாம் குவியலில் உள்ளவற்றை இப்போது எத்தனை பேர் அறிவார்கள்? அடுத்ததாக யாருக்குக் கற்றுக்கொடுப்போம்?
4. எமது பொருளுக்கு ஒரு பெயரும் குறியும் உண்டா? இல்லையெனில், என்ன பெயர் வைப்போம்?